மகள்வழி கைமாறிய மண்

யேஃபர் கோட்டைக்கு எதிரே, பழைய விடுதி ஒன்றின் முகப்பில் மணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நாளின் சில வேளைகளில் அவை தாமாக இசைக்கும். இசை தொடங்கியதும் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தோன்றி, கீழே நிற்பவர்களுக்கு முகம் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். முதலில் ஏடோ வீம்கென் என்ற ஃப்ரீசியத் தலைவர், அடுத்து அவர் மகள் மரியா. பிறகு ஓல்டன்பர்க் பிரபு அன்டோன் குன்தரும் அன்ஹால்ட்-செர்ப்ஸ்ட் இளவரசர் யோஹான் ஆகஸ்டும் வருவார்கள். ஐந்தாவது பொம்மை ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின்.

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், வடகடலை ஒட்டி, இன்றைக்கும் ஏறத்தாழ 14,000 பேர் மட்டுமே வாழும் ஊர் இது. இதற்கு ரஷ்யப் பேரரசி எப்படி எஜமானி ஆனார்? அந்தப் பொம்மை வரிசையில் இடம் கிடைக்காதவர்களும் உண்டு: ஜார் மன்னர்கள் பாவெல், அலெக்சாந்தர், ஹாலந்து மன்னர் லூயி போனபார்ட், அவருடைய அண்ணன் நெப்போலியன். இத்தனை பேரும் ஒரு காலத்தில் இந்தச் சிறு நிலத்தைத் தம்முடையது என்று சொன்னவர்கள். ஏட்டில் படித்தால் எல்லாம் தற்செயல் என்று தோன்றும். ஊருக்குள் நடந்து, கோட்டையையும் கோயிலையும் கடற்கரையையும் பார்த்த பிறகு நான் அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலான கைமாற்றங்களின் வேர் ஒன்றுதான். 1532-இல், முப்பது வயதைத் தாண்டியிருந்த ஒரு பெண் எடுத்த முடிவு அது.

ஓல்டன்பர்க்கிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறி, சாண்டே என்ற சிறு சந்திப்பில் வண்டி மாறினால் யேஃபர். வழியெல்லாம் தட்டையான பசும்புல் நிலம். மேயும் மாடுகள், நேர்கோடாக ஓடும் வடிகால் வாய்க்கால்கள், காற்றாலைகள். பழைய பண்ணை வீடுகளும் கோயில்களும் மட்டும் மேட்டில் நிற்கின்றன. அந்த மேடுகள் மனிதர்கள் மண் கொட்டி உயர்த்தியவை. கடலுக்குக் கரை போடத் தெரியாத காலத்தில், வெள்ளம் ஏறும்போது ஆடுமாடுகளோடு தப்பிக்க இவர்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

இந்தக் கடலோர ஃப்ரீசியர்களுக்கு இடைக்காலத்தில் பிரபுக்கள் கிடையாது. ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் உழவன் பிரபுவுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தபோது, இங்கே நிலமுள்ள குடியானவர்கள் கூடித் தங்களுக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுதந்திரம் 14-ஆம் நூற்றாண்டில் ஆட்டம் கண்டது. வசதியான குடும்பங்கள் கல்வீடு கட்டின, ஆள் சேர்த்தன, ஊர்த்தலைவர்கள் ஆயின. அப்படி எழுந்தவர்தான் மூத்த ஏடோ வீம்கென். வடகடலில் வணிகக் கப்பல்களைக் கொள்ளையடித்த கூட்டத்தாருக்கு அடைக்கலம் கொடுத்து வளர்ந்தவர். அவர் வழிவந்த இளைய ஏடோ வீம்கென்தான் பொம்மை வரிசையில் முதலில் வருபவர். அவர் 1511-இல் இறந்தபோது விட்டுப்போனது ஒரு கோட்டை, மூன்று சிறு நாடுகள் சேர்ந்த ஒரு குறுநிலம், தாயை முன்பே இழந்த நான்கு பிள்ளைகள்.

ஒரே ஆண்பிள்ளையான கிறிஸ்டோஃப் 1517-இல், பதினெட்டு வயதில் இறந்தார். மிஞ்சியவர்கள் அன்னா, மரியா, டொரோத்தியா. மேற்கே இருந்த கிழக்கு ஃப்ரீஸ்லாந்து பிரபு எட்சார்ட் இந்த நிலத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர். தன் மகன்களுக்கு இந்தப் பெண்களை மணமுடிப்பதாக ஒப்பந்தம் எழுதி வாங்கினார். பெண் வந்தால் நிலமும் வரும் என்ற கணக்கு. 1527-இல் அவருடைய மகன்கள் என்னோவும் யோஹானும் கோட்டைக்குள் படையோடு புகுந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். நிலம் கைக்கு வந்ததும் கல்யாணப் பேச்சு கைவிடப்பட்டது. 1530-இல் என்னோ ஓல்டன்பர்க் வீட்டுப் பெண்ணை மணந்துகொண்டார்.

பிறந்த வீட்டிலேயே சிறைப்பட்டதுபோல் அந்தச் சகோதரிகள் வாழ்ந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று கோட்டை முற்றத்தில் நின்று யோசித்தேன். இன்றைய கோட்டைக்கு இளஞ்சிவப்புச் சுண்ணம் பூசியிருக்கிறார்கள். சுற்றிலும் அகழி, மரங்கள் அடர்ந்த தோட்டம், அதில் உலாவும் மயில்கள். பார்க்க மென்மையான இடம். ஆனால் நடுவே நிற்கும் கோபுரத்தின் அடிப்பகுதிச் சுவரின் தடிமன் அந்தக் காலத்தின் அச்சத்தைச் சொல்லிவிடுகிறது.

மரியாவுக்குத் துணை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் கோட்டைக்குக் காவல் அதிகாரியாக வைத்த போயிங் ஃபான் ஓல்டர்சும் 1531-இல் பக்கம் மாறி, சகோதரிகளோடு சேர்ந்துகொண்டார். கோட்டை அவர்கள் கைக்குத் திரும்பியது. ஆனால் ஒரு கோட்டையை மீட்பது வேறு, அதை நிலைநிறுத்துவது வேறு. பக்கத்தில் இருக்கும் பகைவன் பெரியவன். இந்த இடத்தில்தான் மரியாவின் கூர்மை தெரிகிறது. 1532-இல் அவர் தன் நிலத்தைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் ஒப்படைத்து, அவருக்குக் கீழ்ப்பட்ட நிலமாக அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதுவும் ஜெர்மானியப் பேரரசர் என்ற முறையில் அவரிடம் ஒப்படைக்கவில்லை. பிரபான்ட் கோமகனாகவும் நெதர்லாந்துப் பகுதிகளின் ஆட்சியாளராகவும் இருந்த சார்லஸிடம் ஒப்படைத்தார். இதனால் இரண்டு பலன்கள். வழக்கு பிரசல்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது, அங்கே 1534-இல் தீர்ப்பு மரியாவின் பக்கம் வந்தது. இரண்டாவது பலனை அன்று யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள்: பிரபான்ட் முறைப்படி இந்த நிலம் பெண்வழியிலும் இறங்கும்.

பேரரசர் தூரத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பிரபு அருகில் இருந்தார். தூரத்து மேலாளரை வைத்து அருகிலுள்ள பசியை அடக்குவது என்ற மரியாவின் கணக்கு அவர் வாழ்நாள் முழுதும் பலித்தது.

1536-இல் அக்கா அன்னா இறந்தார். அதே ஆண்டில் யேஃபருக்கு நகர உரிமை கிடைத்தது. 1540-இல் விட்மண்ட் முற்றுகையில் போயிங் கொல்லப்பட்டார். மரியாவுக்கும் போயிங்குக்கும் திருமணம் நடக்கும் என்று ஊர் நம்பியிருந்ததாகச் சொல்கிறார்கள். மரியா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. கரைகள் போட்டுக் கடலிலிருந்து நிலம் மீட்டார், சட்டங்களைத் தொகுக்கச் செய்தார், தன் பெயரில் காசு அடித்தார். 1573-இல் அவர் நிறுவ ஏற்பாடு செய்த லத்தீன் பள்ளி இன்றும் அவர் பெயரோடு நடக்கிறது.

அவர் மனதைப் படிக்க வேண்டுமென்றால் நகரக் கோயிலுக்குப் போக வேண்டும். கோயில் பலமுறை தீக்கு இரையானது. கடைசித் தீ 1959-இல். 1964-இல் எழுப்பிய புதிய கட்டடம் முழுக்க நவீன வடிவம். ஆனால் அதன் ஒரு பக்கத்தில், தீயிலிருந்து தப்பிய பழைய பகுதி கண்ணாடிக்கு அப்பால் அப்படியே நிற்கிறது. அதற்குள் ஏடோ வீம்கெனின் நினைவுச் சமாதி. 1561-க்கும் 1564-க்கும் இடையில், ஆன்ட்வெர்ப் சிற்பி கொர்னேலிஸ் ஃப்ளோரிஸின் வழிவந்தவர்களைக் கொண்டு மரியா கட்டியது. பளிங்கு, மணற்கல், சுட்ட மண், ஓக் மரம் எல்லாம் கலந்த இரண்டு அடுக்கு வேலை. வெளியே எட்டுப்பட்டை மண்டபம்போல் செதுக்கிய மரம். உள்ளே, கல்பேழையின்மேல் கவசம் அணிந்து கைகூப்பிப் படுத்திருக்கும் தந்தை. அருகில் போய் நின்றால் மரத்தில் ஓர் அங்குலம்கூடச் சும்மா விடப்படவில்லை என்று தெரியும். கொடிகள், முகங்கள், பழக்கொத்துகள், விலங்குகள்.

தந்தை இறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, அறுபது வயது மகள் ஏன் இவ்வளவு செலவில் இதை எழுப்ப வேண்டும்? பாசம் இருந்திருக்கும். அதோடு, இந்த வீட்டுக்கு ஒரு வம்சம் உண்டு, இந்த நிலம் யாரும் எடுத்துக்கொள்ளக் கிடக்கும் பொருளில்லை என்று கல்லில் எழுதி வைக்கும் தேவையும் இருந்தது. வாரிசில்லாத ஆட்சியாளர் கட்டிய சமாதி அது. அதன் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். வட ஜெர்மனியில் நான் பார்த்தவற்றில் என்னை இவ்வளவு அசைத்த வேலை வேறில்லை.

மரியா 1575 பிப்ரவரி 20-ஆம் நாள் இறந்தார். நிலத்தை ஓல்டன்பர்க் பிரபு ஏழாம் யோஹானுக்கு உயில் எழுதியிருந்தார். மரியாவின் தாய் ஓல்டன்பர்க் வீட்டுப் பெண், ஆகவே அதுவும் தாய்வழி உறவுதான். கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் முந்திக்கொள்ளக் கூடாதென்று சாவை மறைத்து வைத்தார்கள் என்பது ஊர்க்கதை. மூடிய அறைக்குள் வேளாவேளைக்கு உணவு போய்க்கொண்டிருந்ததாம், ஒரு கிழவேலைக்காரர் அதைச் சாப்பிட்டுக் காலித் தட்டை வெளியே வைத்தாராம், ஓல்டன்பர்க் பிரபு கோட்டைக்குள் நுழையும்வரை. இன்னொரு கதையில் மரியா சாகவே இல்லை, கோட்டைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதையில் இறங்கிப் போனவர் ஒருநாள் திரும்பி வருவார். அவர் வரும்வரை ஒவ்வோர் இரவும் மணி அடிக்க வேண்டும். இன்றும் அடிக்கிறார்கள், கோடையில் பத்து மணிக்கு, குளிர்காலத்தில் ஒன்பதுக்கு. ஆட்சி எத்தனை முறை மாறினாலும் யேஃபர் தன் அரசியாக நினைப்பது யாரை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஓல்டன்பர்க் காலத்தில் பெரிய பெயர் அன்டோன் குன்தர். 1603 முதல் 1667 வரை ஆண்டவர், குதிரை வளர்ப்பில் புகழ் பெற்றவர். முப்பதாண்டுப் போரில் ஜெர்மனியே எரிந்தபோது தன் நாட்டைப் பேச்சுவார்த்தையாலும் பரிசுகளாலும் காத்தவர். இந்தக் கடற்கரையில் ஆட்சி என்றால் பாதி கரைப் பராமரிப்புதான். ஒவ்வொரு நிலத்துக்காரருக்கும் கடற்கரை மண்மேட்டில் ஒரு பங்கு உண்டு. அதை அவரே காக்க வேண்டும். முடியாமல் போனால் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு வெளியேற வேண்டும். யார் அதைப் பிடுங்குகிறாரோ அவருக்கு நிலம், அவருக்கே கரையின் கடமை. பிரபுக்கள் மாறும்போது பத்திரமும் முத்திரையும் மாறின. இந்தச் சட்டத்துக்கு மட்டும் எல்லா ஆட்சியாளரும் தலைவணங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கரை உடைந்தால் ஆள்வதற்கு நிலமே இருக்காது.

அன்டோன் குன்தருக்குச் சட்டபூர்வ வாரிசு இல்லை. 1667-இல் அவர் இறந்ததும் மரியாவின் பழைய முடிவு முதன்முறையாக வேலை செய்தது. ஓல்டன்பர்க் நாடு ஆண்வழியில் இறங்குவது, எனவே டென்மார்க் மன்னருக்கும் அவருடைய உறவினரான கோட்டோர்ப் கோமகனுக்கும் போனது. யேஃபர் பெண்வழியிலும் இறங்கும், எனவே அன்டோன் குன்தரின் சகோதரி மாக்தலேனாவின் மகனுக்குப் போனது. மாக்தலேனா வாழ்க்கைப்பட்டது அன்ஹால்ட்-செர்ப்ஸ்ட் என்ற குட்டி அரசில். அது எல்பே ஆற்றங்கரைப் பக்கம், இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. டென்மார்க் இதைச் சும்மா விடவில்லை. 1680-களில் படை அனுப்பி யேஃபரைப் பிடித்து வைத்திருந்தது. செர்ப்ஸ்ட் பணம் கொடுத்துத்தான் மீட்டது.

செர்ப்ஸ்ட் இளவரசர்கள் 126 ஆண்டுகள் இதை ஆண்டார்கள். பெரும்பாலும் அதிகாரிகள் மூலமாக. இங்குள்ள புல்வெளியின் வரி அங்குள்ள அரண்மனைக்குப் போயிற்று. 1717 கிறிஸ்துமஸ் இரவில் கடல் கரைகளை உடைத்து உள்ளே வந்தது, வடகடல் ஓரம் முழுவதும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். யேஃபர் நிலமும் மூழ்கியது. மறு ஆண்டு பட்டத்துக்கு வந்த யோஹான் ஆகஸ்ட் காலத்தில்தான் கோட்டைக் கோபுரத்துக்கு வெங்காய வடிவக் கும்மட்டம் ஏறியது, 1736-இல் முடிந்தது. 67 மீட்டர் உயரம். தட்டை நிலத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது.

கடைசி இளவரசர் ஃப்ரீட்ரிஷ் ஆகஸ்ட் தன் குடிகளை அமெரிக்கச் சுதந்திரப் போருக்குச் சிப்பாய்களாக இங்கிலாந்துக்கு வாடகைக்கு விட்டவர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கனடாவின் கியூபெக் வரை அனுப்பப்பட்டார்கள். அவரோ நாட்டுக்கு வெளியே பாசலிலும் லக்சம்பர்க்கிலும் வாழ்ந்தார். யேஃபரின் எல்லா எஜமானர்களிலும் எனக்குக் கொஞ்சமும் மரியாதை வராதவர் இவர் ஒருவர்தான். 1793-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். செர்ப்ஸ்டை அன்ஹால்ட் வம்சத்தின் மற்ற ஆண்கிளைகள் பங்கு போட்டுக்கொண்டன. யேஃபர் மறுபடி தன் தனிவழியில் போனது, இறந்தவரின் அக்காவுக்கு.

அந்த அக்கா சோஃபி, 1744-இல் ரஷ்யாவுக்கு மணப்பெண்ணாகப் போனவர். அதற்குள் கேத்தரின் என்ற பெயரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பேரரசை ஆண்டுகொண்டிருந்தார். சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் யேஃபர் பக்கம் வந்திருக்கிறார். பக்கத்து ஊர் பென்டிங்க் சீமாட்டி ஆணைப்போல் குதிரையேறியதைக் கண்டு மயங்கியதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பேரரசியாகி ஒருமுறைகூட வரவில்லை. நிர்வாகத்தைத் தன் தம்பியின் விதவையிடம் விட்டார். கேத்தரினின் மகன் பாவெலின் நீண்ட பட்டப்பெயர் வரிசை, மாஸ்கோ, கீவ் என்று தொடங்கி, யேஃபரின் அதிபர் என்று முடிந்தது.

இந்த ஆட்சி மாற்றங்கள் ஒரு மனிதர்மேல் எப்படி விழுந்தன என்பதற்கு ஐல்ஹார்ட் மிட்ஷர்லிஷ் போதும். வேதியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். ஒத்த அமைப்புள்ள சேர்மங்கள் ஒரே வடிவப் படிகங்களாகும் என்று 1819-இல் கண்டவர். யேஃபர் நிலத்து நொயெண்டே கிராமத்தில் 1794 ஜனவரியில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார், கேத்தரினின் குடிமகனாக. இரண்டு வயதில் பாவெலின் குடி, ஏழு வயதில் அலெக்சாந்தரின் குடி. 1806-இல் ஹாலந்துப் படை வந்தது. அடுத்த ஆண்டு டில்சிட் உடன்படிக்கையில் அலெக்சாந்தர் யேஃபரை லூயி போனபார்ட்டுக்கு விட்டுக்கொடுத்தார். 1810-இல் நெப்போலியன் தம்பியின் நாட்டையே விழுங்கியதும் யேஃபர் பிரெஞ்சு மாவட்டத்தின் ஒரு பிரிவானது. பையன் பதினாறு வயதில் பிரெஞ்சுக் குடிமகன். மரியாவின் பள்ளியில் வரலாற்றாசிரியர் ஷ்லோசரிடம் படித்து, பாரசீக மொழியில் மனம் பறிகொடுத்து, பாரசீகத்துக்குப் போகும் நெப்போலியனின் தூதுக்குழுவில் சேரும் ஆசையோடு பாரிஸுக்குப் போனார். நெப்போலியன் வீழ்ந்தார், தூதுக்குழு கலைந்தது, அவர் வேதியியலுக்குத் திரும்பினார். ஊரோ 1813-இல் மறுபடி ரஷ்யாவிடம் வந்து, 1818-இல் அலெக்சாந்தரால் தன் உறவினரான ஓல்டன்பர்க் கோமகனுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. இருபத்துநான்கு வயதுக்குள் இத்தனை அரசர்கள்.

அதே மண்ணில் பிறந்த உல்ரிஷ் யாஸ்பர் ஸெட்ஸென் 1802-இல் ரஷ்ய அரசு தந்த யேஃபர் உத்தியோகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கிழக்கே கிளம்பிவிட்டார். மூசா என்ற பெயரில் அரபு நாடுகளைச் சுற்றி, 1806-இல் ஜெராஷ் இடிபாடுகளை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தி, 1811-இல் ஏமனில் மாண்டார். குட்டி ஊர்ப் பிள்ளைகளின் பார்வை எவ்வளவு தூரம் போயிருக்கிறது! எஜமானர்கள் நான்கு திசையிலிருந்தும் வந்ததால் பிள்ளைகளும் நான்கு திசையை நினைத்தார்களோ என்று தோன்றுகிறது.

1818-க்குப் பிறகு கதையின் வேகம் குறைகிறது. 1853-இல் ஓல்டன்பர்க் யாடே விரிகுடாவின் கரையில் ஒரு துண்டை 5 லட்சம் தாலருக்குப் பிரஷ்யாவிடம் கொடுத்தது. அங்கே எழுந்த கடற்படைத் துறைமுகம்தான் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன். மிட்ஷர்லிஷ் பிறந்த நொயெண்டே இன்று அந்நகரின் ஒரு பகுதி. பிஸ்மார்க் காலத்தில் யேஃபரின் விசுவாசிகள் குழு அவருடைய பிறந்தநாளுக்கு ஆண்டுதோறும் 101 ஆள்காட்டிக் குருவி முட்டைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. இன்று ஊருக்கு வெளியே பெயர் வாங்கித் தருவது 1848-இல் தொடங்கிய பீர் ஆலை. கண்ணாடி போர்த்திய அதன் கோபுரங்கள் கோட்டைக் கும்மட்டத்தோடு போட்டியிட்டு நிற்கின்றன.

நான் கடைசியாகப் போனது கடற்கரைக்கு, கரோலினென்ஸீல் பக்கம். போகும் வழியில் ஒரு தேநீர்க் கடை. இங்கே தேநீர் ஒரு சடங்கு: கோப்பையில் முதலில் பெரிய கற்கண்டு, அதன்மேல் கொதிக்கும் அசாம் தேநீர், கற்கண்டு சடசடவென்று வெடிக்கும் ஓசை, பிறகு ஓரத்தில் ஒரு கரண்டிப் பாலேடு. கலக்கக் கூடாது. கசப்பிலிருந்து இனிப்புக்கு அடியை நோக்கிக் குடித்துப் போக வேண்டும். கிழக்கு ஃப்ரீஸ்லாந்து எல்லைக்கு இரு பக்கமும் இதே பழக்கம், இதே காற்று, இதே செங்கல் வீடு. ஆனாலும் யேஃபர்க்காரரைக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரர் என்று சொன்னால் உடனே திருத்துவார்.

அந்த எல்லைக்கு ஒரு பிறந்த கதை உண்டு. இன்று வயலாகத் தெரியும் இந்த இடம் முன்பு ஹார்லே என்ற கடல் வளைகுடா. வண்டல் சேர்ந்து மெல்லத் தூர்ந்துகொண்டிருந்தது. மீட்கப்போகும் நிலம் யாருக்கு என்ற சண்டையைத் தீர்க்க, 1666-இல், அன்டோன் குன்தர் இறப்பதற்கு முந்திய ஆண்டில், யேஃபருக்கும் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்கும் நடுவே வரைபடத்தில் பொன்வண்ணத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். அன்று அது சேற்றுக்கும் தண்ணீருக்கும் மேல் ஓடியது. பிறகு ஒவ்வொரு தலைமுறையும் கரையைக் கடலுக்குள் தள்ளிப் போட்டு, கோடு நெடுக நிலம் எடுத்தது. யேஃபர் பக்கத்து வயல்களுக்குச் செர்ப்ஸ்ட் வீட்டுப் பெயர்கள்: ஸோஃபியென்க்ரோடன், ஃப்ரீட்ரிஷ்-ஆகஸ்டன்-க்ரோடன். ஸெட்ஸென் பிறந்தது ஸோஃபியென்க்ரோடனில்தான். ஆளை வாடகைக்கு விட்ட இளவரசரின் பெயர்கூட இங்கே ஒரு வயலின் பெயராகத் தங்கிவிட்டது. அந்த மண்ணைக் கடலிலிருந்து எடுத்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

1977-இல் மாநில அரசு மாவட்டங்களைச் சீரமைத்தபோது இந்த எல்லைக்கோட்டை அழித்தது. யேஃபரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃப்ரீஸ்லாந்து மாவட்டத்தையும், கிழக்கு ஃப்ரீஸ்லாந்தைச் சேர்ந்த விட்மண்ட் மாவட்டத்தையும் ஒன்றாக்கினார்கள். போயிங் உயிர்விட்ட அதே விட்மண்ட். எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு மாநில அரசியல் சாசன நீதிமன்றம்வரை போனது. பிரசல்ஸில் மரியா பெற்ற தீர்ப்புக்குப் பிறகு இந்த ஊரின் தனித்தன்மைக்குச் சாதகமாக வந்த இன்னொரு தீர்ப்பு அது. 1980 ஜனவரி 1 முதல் இரண்டும் மீண்டும் தனித்தனி மாவட்டங்கள். கரோலினென்ஸீலுக்குக் கிழக்கே, உருளைக்கிழங்கும் கோதுமையும் விளையும் வயல்களுக்கு நடுவே, 1666-இன் கோடுதான் இன்றைக்கும் மாவட்ட எல்லை.